கேன் தண்ணீர் ஆலை: தட்டில் வளர்ந்தது எங்கிருந்து வந்தது?

பேட்ச் தோற்றுவிட்டது என்று ஆய்வகத்திலிருந்து செய்தி போனதும் ஆலையில் இரண்டு காரியங்கள் நடக்கும். அதே பேட்சில் இன்னொரு பாட்டிலை எடுத்து மறுபடி சோதிக்கச் சொல்வார்கள். ஓசோன் இயந்திரத்தின் குமிழை ஒரு சுற்றுக் கூட்டி வைப்பார்கள். அடுத்த முடிவு சுத்தமாக வரும், விஷயம் அத்தோடு மறந்துபோகும். சில வாரங்கள் கழித்து அதே கிருமி மறுபடியும் தலைகாட்டும்.

250 மி.லி. நீரில் ஒரே ஒரு காலனி (அகார் என்ற உணவுக் கூழ் ஊற்றிய தட்டில் ஒரு கிருமி பெருகிக் கண்ணுக்குத் தெரியும் புள்ளி) வந்தாலும் தோல்வி என்ற அளவில் நாம் வேலை செய்கிறோம். அந்த அளவில் கிருமிகள் எல்லாப் பாட்டிலிலும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. ஒரு பாட்டிலில் நான்கு, அடுத்த மூன்றில் ஒன்றுமில்லை என்பது சர்வ சாதாரணம். எனவே இரண்டாவது பாட்டில் தேறிவிட்டது என்பதால் முதல் பாட்டிலின் முடிவு ரத்தாகிவிடாது. பிழை ஆய்வகத்தில்தான் நடந்தது என்று காட்டச் சான்று இருந்தால் மட்டுமே முதல் முடிவை அடித்துவிடலாம். அந்தச் சான்றை எங்கே தேடுவது, கிடைக்காவிட்டால் ஆலைக்குள் எங்கே போய்ப் பார்ப்பது என்பதுதான் கீழே இருப்பது. போர்வெல் நீரை மணல் வடிகட்டி, கரி வடிகட்டி, மைக்ரான் வடிகட்டி, ஆர்.ஓ., யு.வி., ஓசோன் என்ற வரிசையில் சுத்திகரித்து, 1 லிட்டர் பாட்டிலிலும் 20 லிட்டர் கேனிலும் அடைக்கும் ஆலையை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டில் பெரும்பாலான ஆலைகள் இந்த அமைப்பில்தான் இருக்கின்றன.

எல்லைகளை ஒருமுறை பார்த்துவிடலாம். பாட்டில் நீருக்கான ஐ.எஸ். 14543 என்ற இந்தியத் தரப்படி 250 மி.லி. நீரில் கோலிஃபார்ம் (குடலிலும் மண்ணிலும் வாழும் பாக்டீரியா வகை), ஈ.கோலை, மல ஸ்ட்ரெப்டோகாக்கை, ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ், சூடோமோனாஸ் எருஜினோசா, சால்மொனெல்லா, ஷிகெல்லா, விப்ரியோ காலரே, ஈஸ்ட், பூஞ்சை எதுவும் இருக்கக் கூடாது. சல்பைட்டை ஒடுக்கும் காற்றில்லா பாக்டீரியா 50 மி.லி.யில் இருக்கக் கூடாது. மொத்த எண்ணிக்கைக்கு (வகை பார்க்காமல், வளரும் பாக்டீரியா எல்லாவற்றையும் எண்ணுவது) மட்டும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கிறார்கள்: 37 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரத்தில் மி.லி.க்கு 20 வரை, 20–22 டிகிரியில் 72 மணி நேரத்தில் மி.லி.க்கு 100 வரை. 2024 அக்டோபரில் பாட்டில் நீருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்ற விதியை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நீக்கியது. அடுத்த மாத இறுதியிலேயே பாட்டில் நீரை அதிக அபாயமுள்ள உணவு வகையில் சேர்த்து, ஆண்டுதோறும் வெளித் தணிக்கை வேண்டும் என்றது. முத்திரை போய்விட்டதே என்று ஆய்வகத்தைப் பூட்டிவிட்டவர்கள் இந்த இரண்டாவது செய்தியைப் படிக்கவில்லை போலும்.

அறிகுறி: பிளாங்க் தட்டிலேயே காலனி

கிருமி நீக்கிய நீரை, மாதிரிக்குப் பயன்படுத்தும் அதே புனலில், அதே இடுக்கியால், அதே பெட்டியிலிருந்து எடுத்த சவ்வுத்தாளில் (கிருமியைப் பிடித்துக்கொள்ளும் நுண்துளைத் தாள்) வடிகட்டி, அந்தத் தாளை அகாரில் வைப்பது பிளாங்க். இதில் வளர்ச்சி இருந்தால் அன்றைய முடிவுகள் அனைத்தும் செல்லாது. தோல்வி மட்டுமல்ல, தேர்ச்சியும் செல்லாது. தோற்றதை மட்டும் அடித்துவிட்டுத் தேறியதை வைத்துக்கொள்வது நியாயமாகாது.

காலனி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். சவ்வுத்தாளின் விளிம்பை ஒட்டி வளையமாக இருந்தால் பெரும்பாலும் புனலின் அடிப்பகுதி சரியாகச் சுடப்படவில்லை. இடுக்கி பிடித்த ஓரத்தில் மட்டும் ஒன்றிரண்டு இருந்தால் இடுக்கி. தாள் முழுக்கச் சிதறியிருந்தால் கழுவிய நீர். சந்தேகம் தீர மூன்று தட்டுகள் போதும்: எதையும் தொடாத வெற்று அகார், வடிகட்டாத சவ்வுத்தாளை மட்டும் வைத்த அகார், வேலை நடக்கும் மேசையில் அரை மணி நேரம் திறந்து வைத்த அகார். எதில் வளர்கிறதோ அங்கே போக வேண்டும்.

பிளாங்க்கை நாளின் தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று என்று இரண்டாக வையுங்கள். தொடக்கத்தில் சுத்தம், முடிவில் வளர்ச்சி என்றால் ஒரு மாதிரியிலிருந்து அடுத்த மாதிரிக்குத் தொற்றியிருக்கிறது. போர்வெல் நீரை முதலில் வடிகட்டிவிட்டு, அதே புனலில் பாட்டில் நீரை வடிகட்டும் பழக்கம் இருந்தால் இதுதான் நடக்கும். பாட்டில் நீர் முதலில், போர்வெல் நீர் கடைசியில் என்று வரிசையை மாற்றுங்கள்.

ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கலம்) நாடாவில் கறுப்புக் கோடு வந்துவிட்டது என்று நிம்மதி அடைய வேண்டாம். அந்த நாடா சூடு பட்டதா என்று மட்டும்தான் சொல்லும். 121 டிகிரியில் 15 நிமிடம் என்பது குடுவைக்குள் இருக்கும் திரவம் அடைய வேண்டிய சூடு. ஒரு லிட்டர் குடுவைகளை நெருக்கி அடுக்கினால் வெளியே மானி 121 காட்டும்போது உள்ளே அந்தச் சூடு வந்திருக்காது. சூட்டைத் தாங்கும் பாக்டீரியாவான ஜியோபேசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸின் வித்துப் பட்டையை நடுக்குடுவைக்கு அருகில் வைத்துச் சோதித்தால் உண்மை தெரியும்.

அறிகுறி: எல்லாம் எப்போதும் பூஜ்யம்

பதிவேட்டை ஆறு மாதத்துக்குப் புரட்டியும் மொத்த எண்ணிக்கைப் பத்தியில் ஒரு காலனிகூட இல்லை. பலர் இதைப் பெருமையாகக் காட்டுவார்கள். எனக்கு இதைவிடக் கலக்கம் தரும் பதிவேடு வேறில்லை. நல்ல ஆலையிலும் அவ்வப்போது மூன்று, ஏழு என்று ஏதாவது வரத்தான் செய்யும்.

முதல் காரணம் ஓசோன். நிரப்பும் இடத்தில் பிடித்த நீரில் ஓசோன் இன்னும் உயிரோடு இருக்கும். 20 டிகிரி நீரில் அது பாதியாகக் குறையவே ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும். ஆய்வகத்துக்கு நடந்து வரும் வழியெல்லாம் அது கிருமியைக் கொன்றுகொண்டே வரும். மாதிரி பிடிக்கும் குடுவையில் ஓசோனை முறிக்கும் சோடியம் தயோசல்பேட் இருக்க வேண்டும். 120 மி.லி. குடுவைக்கு 3 விழுக்காட்டுக் கரைசல் 0.1 மி.லி. போட்டு, அதன் பிறகு குடுவையை ஆட்டோகிளேவ் செய்வது வழக்கம். லிட்டருக்கு 5 மி.கி. வரை உள்ள குளோரினுக்கு இது போதும், ஆலைகளில் விடும் ஓசோன் அளவுக்கும் ஈடுகொடுக்கும்.

இரண்டாவது காரணம் அகாரின் சூடு. ஊற்றும்போது 45 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். கையால் தொட்டுப் பார்த்து ஊற்றுவது நம் ஆய்வகங்களில் பரவலான வழக்கம். அகார் ஊற்றிப் பழகிய கை 52 டிகிரியையும் பொறுத்துக்கொள்ளும், தண்ணீரில் ஏற்கெனவே அடிபட்டு நலிந்திருக்கும் பாக்டீரியா பொறுக்காது. அதே அளவு நீர் நிரப்பிய இன்னொரு குடுவையில் வெப்பமானியைப் போட்டு, இரண்டையும் ஒரே வெந்நீர்த் தொட்டியில் வைத்தால் ஊகிக்கவே வேண்டியதில்லை.

மூன்றாவது, அகாரே கெட்டுப்போயிருப்பது. ஸ்லானெட்ஸ்–பார்ட்லி அகாரையும் வயலட் ரெட் பைல் அகாரையும் ஆட்டோகிளேவில் போடக் கூடாது, கொதிக்கவைத்தால் போதும். எல்லாவற்றையும் ஒரே கூடையில் ஏற்றும் ஆய்வகங்களில் இவை வீணாகிவிடுகின்றன. இதைப் பிடிக்கத்தான் பாசிட்டிவ் கன்ட்ரோல், அதாவது தெரிந்த கிருமியை வேண்டுமென்றே வளர்த்துப் பார்ப்பது. ஆனால் அதை வைக்கும் முறையில் ஒரு கோளாறு உண்டு. சண்டிகர் எம்.டி.சி.சி. சேகரிப்பிலிருந்து வாங்கிய தூய வளர்ப்பிலிருந்து ஒரு கம்பி நிறைய எடுத்து இழுத்தால் அதில் கோடிக்கணக்கான செல்கள் இருக்கும். பாதி செத்த அகாரிலும் அது வளர்ந்து காட்டும். நீர்த்து நீர்த்து 50 முதல் 100 செல் வரும்படி செய்து, அதை வடிகட்டி, எத்தனை திரும்பக் கிடைக்கிறது என்று எண்ணுங்கள். பாதிக்கும் கீழே வந்தால் அந்த அகார் பேட்ச்சை ஒதுக்கிவைப்பதே நல்லது.

நான்காவது காரணம், தட்டு வைக்காமலே பதிவேடு எழுதுவது. அதற்கு இங்கே வழிமுறை இல்லை.

அறிகுறி: மொத்த எண்ணிக்கை எகிறுகிறது

முதலில் எந்தத் தட்டு என்று கேளுங்கள். 22 டிகிரித் தட்டு மட்டும் ஏறியிருந்தால் அவை தண்ணீரிலேயே வாழ்ந்து பழகியவை. தேங்கல், குழாய்ப் படலம் (உட்சுவரில் ஒட்டி வளரும் கிருமிப் படலம்), தாமதமான சோதனை ஆகிய மூன்றில் ஒன்று காரணமாக இருக்கும். 37 டிகிரித் தட்டும் சேர்ந்து ஏறினால் வெளியிலிருந்து ஏதோ நுழைந்திருக்கிறது.

ஆனால் மே மாதத்தில் சென்னையில் இருக்கிறீர்கள் என்றால் இன்குபேட்டரைத்தான் (தட்டுகளைக் குறித்த வெப்பத்தில் வைக்கும் பெட்டி) முதலில் பார்ப்பேன். 20–22 டிகிரி என்பது நம் ஊரில் அறை வெப்பம் அல்ல, குளிரூட்டும் வசதியுள்ள இன்குபேட்டரில்தான் அது கிடைக்கும். கம்ப்ரசர் தளர்ந்து 28-இல் ஓடிக்கொண்டிருந்தாலும் முகப்புத் திரை 22 என்றே காட்டக்கூடும். ஒரு வெப்பமானியைக் கிளிசரின் குப்பிக்குள் வைத்து நடுத்தட்டில் நிறுத்துங்கள். மின்தடை நேர்ந்த இரவுகளையும் குறித்து வையுங்கள்.

அடுத்தது நேரம். அடைத்த நீரில் மிஞ்சிய ஒரு சில பாக்டீரியா, ஓசோன் அடங்கியதும் பெருக ஆரம்பிக்கும். சில நாள்களில் மி.லி.க்கு ஆயிரக்கணக்கில் போய்விடலாம். அதனால்தான் எண்ணிக்கைச் சோதனையை அடைத்த 12 மணி நேரத்துக்குள், அதுவரை 4 டிகிரிக் குளிரில் வைத்திருந்து செய்ய வேண்டும் என்கிறார்கள். நான்கு நாள் கடை அலமாரியில் இருந்த பாட்டிலை எடுத்து எண்ணி, 100-ஐத் தாண்டிவிட்டது என்று அலறுவதற்கு அர்த்தம் இல்லை. கோலிஃபார்ம் போன்றவற்றுக்கு இந்தச் சமாதானம் பொருந்தாது. அவை எந்த நாளிலும் இருக்கக் கூடாதவை.

ஆய்வகம் சரி, நேரமும் சரி என்றால் ஆலைக்குள் போகலாம். ஒரே மணி நேரத்துக்குள் வரிசையாகப் பிடியுங்கள்: போர்வெல், கரி வடிகட்டிக்குப் பின், ஆர்.ஓ. வெளியீடு, சேமிப்புத் தொட்டி, யு.வி.க்குப் பின், நிரப்பும் நாசில், மூடிய பாட்டில். எந்த இரண்டு இடங்களுக்கு நடுவில் எண் குதிக்கிறதோ அங்கேதான் வேலை. கரி வடிகட்டிக்குப் பின் எண்ணிக்கை அதிகமாகத்தான் இருக்கும். குளோரினை அது உறிஞ்சிவிடுகிறது, பாக்டீரியாவுக்கு உணவும் உறைவிடமும் தருகிறது. அதைக் கண்டு பதறத் தேவையில்லை, ஆர்.ஓ. வெளியீட்டில் குறைந்துவிடுகிறதா என்பதே கேள்வி. தேடலுக்கு ஆர்2ஏ அகாரை 22 டிகிரியில் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். சத்துக் குறைந்த அந்த அகாரில், வழக்கமான அகார் காட்டாத நீர்ப் பாக்டீரியாக்களும் முளைக்கும். தேர்ச்சி, தோல்வி எழுத அதைப் பயன்படுத்தாதீர்கள்.

உற்பத்தியின் தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று பாட்டில் எடுத்தால் இன்னொரு துப்புக் கிடைக்கும். தொடக்கத்தில் அதிகம், போகப் போகக் குறைவு என்றால் இரவெல்லாம் குழாயில் தேங்கிய நீர். போகப் போக ஏறினால் தொட்டி, காற்று, ஆள்.

யு.வி. விளக்கு நீலமாக எரிகிறது என்பதும் சான்றல்ல. கிருமியைக் கொல்லும் 254 நானோமீட்டர் கதிர் கண்ணுக்குத் தெரியாது. 8,000–9,000 மணி நேரம் ஓடிய விளக்கு அதே நீலத்தில் எரியும், ஆனால் கொல்லும் கதிர் தளர்ந்திருக்கும். குவார்ட்ஸ் உறையில் உப்புப் படிந்திருந்தால் புது விளக்கும் பயனில்லை.

அறிகுறி: மஞ்சள் காலனி, கோலிஃபார்ம் சந்தேகம்

லாக்டோஸ் டி.டி.சி. அகாரில் சவ்வுத்தாளுக்கு அடியில் மஞ்சள் பரவியிருந்தால் உடனே கோலிஃபார்ம் என்று எழுதிவிடாதீர்கள். ஏரோமோனாஸும் மஞ்சள் காட்டும், நம் போர்வெல் நீரில் அது அரிதல்ல. ஆக்சிடேஸ் சோதனைதான் (அந்த நொதி இருந்தால் ஊதா நிறம் வரும்) பிரிக்கும்: ஏரோமோனாஸ் பாசிட்டிவ், கோலிஃபார்ம் நெகட்டிவ். லாக்டோஸ் அகாரிலிருந்தே காலனியை எடுத்து ஆக்சிடேஸ் செய்தால் அமிலம் முடிவைக் கெடுக்கும். சாதாரணச் சத்து அகாரில் ஒரு நாள் வளர்த்து, அதிலிருந்து எடுக்க வேண்டும். நிக்ரோம் கம்பியும் வேண்டாம், அது தானே ஊதா நிறம் வரவழைத்துவிடும். பிளாட்டினம், பிளாஸ்டிக் கம்பி, அதுவும் இல்லாவிட்டால் கிருமி நீக்கிய பல்குச்சி போதும்.

கோலிஃபார்ம் உறுதியானால், 44 டிகிரியில் இண்டோல் சோதனை. அதுவும் பாசிட்டிவ் என்றால் ஈ.கோலை, அதாவது மலக்கழிவு. விவாதம் வேண்டாம், உற்பத்தியை நிறுத்திவிட்டு, வெளியே போன பேட்ச்சைத் திரும்ப அழையுங்கள். ஈ.கோலை இல்லாத கோலிஃபார்ம் மண்ணிலிருந்தும் குழாய்ப் படலத்திலிருந்தும் வரலாம். அதற்காக விட்டுவிடலாம் என்று பொருளல்ல, தேடும் இடம் வேறு, அவ்வளவுதான்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் போர்வெல் வாய் நீரில் மூழ்கும் ஆலைகளில் மூலநீர் கெடுவது எதிர்பார்க்கக்கூடியதே. அது பாட்டில்வரை வந்தது எப்படி என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆர்.ஓ. மெம்பிரேன் பழுதில்லாமல் இருந்தால் கோலிஃபார்ம் கடந்து வராது. ஒவ்வொரு ஆர்.ஓ. குழலின் வெளியீட்டையும் தனித்தனியாகப் பிடித்து டி.டி.எஸ். (கரைந்த உப்பின் அளவு) மானியில் பாருங்கள். மற்றவை 40 காட்டும்போது ஒன்று மட்டும் 110 காட்டினால் அந்தக் குழலின் ஓ-வளையம் கிழிந்திருக்கும், இல்லையென்றால் மெம்பிரேன் ஒட்டு விட்டிருக்கும். தட்டு வளர ஒரு நாள் ஆகும், இந்தச் சோதனை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

டி.டி.எஸ். எல்லாவற்றிலும் ஒன்றாக இருந்தால் பைபாஸ் வால்வைத் தேடுங்கள். தண்ணீர் சப்பென்று இருக்கிறது என்று வாடிக்கையாளர் சொன்னதற்காக, ஆர்.ஓ.வைத் தாண்டி மூலநீரைக் கொஞ்சம் கலக்கும் வால்வு பல ஆலைகளில் உண்டு. வரைபடத்தில் இருக்காது. கால்சியம், மெக்னீசியம் உப்புக் கரைசல் சேர்க்கும் ஆலை என்றால் அந்தக் கரைசல் தொட்டியையும் சோதியுங்கள். வாரக் கணக்கில் மூடி திறந்தே கிடக்கும் வாளியாக அது இருப்பதைப் பார்க்கலாம்.

ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் வந்தால் இவ்வளவு சுற்ற வேண்டாம். அது மனிதத் தோலிலும் மூக்கிலும் வாழ்வது. கையால் மூடி போடும் இடத்துக்குப் போங்கள், விரலில் கட்டுப்போட்டவர் யாராவது இருக்கிறாரா என்று பாருங்கள்.

அறிகுறி: மற்றவை சுத்தம், சூடோமோனாஸ் மட்டும் வருகிறது

கேன் ஆலைகளை அதிகம் அலைக்கழிப்பது இதுதான். கோலிஃபார்ம் இல்லை, மொத்த எண்ணிக்கை இரண்டு மூன்றுதான். ஆனால் செட்ரிமைட்–நாலிடிக்சிக் அமில அகாரில் 44 மணி நேரம் கழித்துப் பச்சை.

நீலப் பச்சை நிறமியோடு வளர்ந்திருந்தால் அது எருஜினோசா என்று எடுத்துக்கொள்ளலாம். பச்சை இல்லாதவற்றில்தான் குழப்பம். தட்டுகளை இருட்டறைக்கு எடுத்துப்போய் யு.வி. கைவிளக்கின் கீழ்ப் பிடியுங்கள். சவ்வுத்தாளின் கட்டக் கோடுகளுக்கு நடுவே, வெறுங்கண்ணுக்கு வெளிறித் தெரிந்த காலனியைச் சுற்றி மெல்லிய ஒளிவட்டம் எழும். அப்படி ஒளிர்வதை அசெட்டமைட் குழம்பில் 36 டிகிரியில் ஒரு நாள் வளர்த்து, நெஸ்லர் கரைசல் ஒன்றிரண்டு சொட்டு விடுங்கள். மஞ்சளிலிருந்து செங்கல் சிவப்புவரை ஏதாவது வந்தால் அம்மோனியா உண்டாகியிருக்கிறது, எருஜினோசா உறுதி. ஒளிராத செம்பழுப்புக் காலனிகளுக்கு ஆக்சிடேஸ், கிங்ஸ் பி அகாரில் ஒளிர்வு, அசெட்டமைட் மூன்றும் வேண்டும். சூடோமோனாஸ் ஃபுளோரசென்ஸும் ஒளிரும், ஆனால் 42 டிகிரியில் வளராது. இந்த வித்தியாசம் கைகொடுக்கும். நெஸ்லர் கரைசலில் பாதரசம் இருப்பதால் தொட்டியில் ஊற்றாமல் தனிக் குப்பியில் சேருங்கள்.

எருஜினோசா சாக்கடைக் கலப்பின் அடையாளம் அல்ல. சத்து ஏதும் இல்லாத வடிநீரிலும் வாழும். குழாய் உட்சுவரில் வழவழப்பான படலமாக ஒட்டிக்கொள்ளும், அந்தப் படலத்துக்குள் ஓசோனும் குளோரினும் எளிதில் நுழைவதில்லை. நல்ல உடல்நிலையில் இருப்பவர் குடித்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பால்பொடி கரைத்துக் கொடுக்கும் கைக்குழந்தை, தீக்காயக்காரர், புற்றுநோய் மருந்தில் இருப்பவர் ஆகியோருக்கு அது ஆபத்து. நம் கேன்கள் மருத்துவமனைக்கும் போகின்றன.

படலம் எங்கே என்பதைக் கண்டுபிடிக்கப் பிரித்துக் கேட்பதே வழி. பாட்டில் தேறி, கேன் மட்டும் தோற்றால் தண்ணீர் நல்லது, கேன் கழுவுமிடம் கெட்டது. கழுவி முடித்த கேனில் கிருமி நீக்கிய நீர் 100 மி.லி. ஊற்றி, எல்லாப் பக்கமும் படும்படி உருட்டி, அந்த நீரை வடிகட்டிப் பாருங்கள். கழுத்தின் உள்மடிப்பு, பழைய கேனின் கீறல்கள், கழுவும் தூரிகையின் மயிர்க்கால், மறுசுழற்சியில் ஓடும் அலசல் நீர் ஆகிய நான்கும் முதல் சந்தேகத்துக்குரியவை. கீறல் விழுந்த பாலிகார்பனேட் கேனை எவ்வளவு கழுவினாலும் தீராது, கழித்துக்கட்டுங்கள்.

பாட்டிலும் தோற்றால், எந்த நாசிலில் நிரப்பியது என்று மூடியில் எண் எழுதி ஒரு சுற்று முழுவதையும் சோதியுங்கள். எல்லா நாசிலிலும் வந்தால் அதற்கு முன்னால் உள்ள பொதுக் குழாய். ஒன்றில் மட்டும் வந்தால் அந்த நாசிலைக் கழற்றுங்கள். உள்ளே ரப்பர் கேஸ்கெட் ஒன்று இருக்கும். மேல்பக்கம் பளிச்சென்று இருக்கும். புரட்டிப் போட்டால், உலோகத்தோடு ஒட்டியிருந்த அடிப்பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு, நகத்தால் கீறினால் பசைபோல் வரும். ஸ்வாப் (பஞ்சுக்குச்சியால் துடைத்த மாதிரி) எடுத்து வளர்த்தால் அதே பச்சை. ஓடும் நீர் படாத இடம் என்பதால் எத்தனை ஓசோன் விட்டாலும் அங்கே போய்ச் சேர்ந்திருக்காது.

மற்ற இடங்கள்: ஆர்.ஓ.வுக்குப் பின்னால் உள்ள மைக்ரான் வடிகட்டிக் கூடு, மாதிரி பிடிக்கப் பொருத்திய ரப்பர் ஹோஸ், எங்கோ ஒரு காலத்தில் பொருத்தி இப்போது அடைத்துவைத்திருக்கும் குழாய்க் கிளை. மருந்துத் தொழிற்சாலைகளின் தூய நீர்க் குழாய்களில் அடைத்த கிளையின் நீளம் அதன் விட்டத்தைப் போல 6 மடங்கைத் தாண்டக் கூடாது என்பது பழைய விதி. நம் ஆலைகளில் இரண்டு அடிக் கிளைகளைச் சாதாரணமாகப் பார்க்கலாம்.

சுத்தம் செய்யும் வரிசை முக்கியம். முதலில் கழற்றித் தேய்க்க வேண்டும், அடுத்து காரக் கரைசலால் படலத்தைக் கரைக்க வேண்டும், நன்கு அலசிய பின்னரே பெரசெட்டிக் அமிலம் போன்ற கிருமிநாசினி. படலத்தை எடுக்காமல் கிருமிநாசினி விட்டால் மேல்தோல் மட்டும் சாகும். கேஸ்கெட்டையும் ஹோஸையும் கழுவ வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

சுத்தம் செய்த மறுநாள் மாதிரி எடுத்து, தேறிவிட்டது என்று கோப்பை மூடுவதுதான் இதில் பெரிய ஏமாற்று. மறுநாள் எல்லாமே தேறும். வார விடுமுறைக்குப் பின், திங்கள் காலை முதல் நீரைப் பிடியுங்கள். அடுத்தடுத்த சில வாரங்களுக்கு அதையே செய்யுங்கள். படலத்தின் மிச்சம் இருந்தால் தேங்கிய நீரில்தான் தன்னைக் காட்டும்.

ஓசோனைக் கூட்டினால் என்ன?

கடலோரப் போர்வெல்களில், கடல்நீர் ஊடுருவிய இடங்களில், புரோமைடு இருக்கும். ஓசோன் அதைப் புரோமேட் ஆக்கும். புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்பதால் புரோமேட்டுக்கு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான் எல்லை. ஆர்.ஓ. பெருமளவு புரோமைடை நீக்கிவிடும், முன்பு சொன்ன பைபாஸ் வால்வோ உப்புக் கரைசலோ அதைத் திரும்பக் கொண்டுவரும். 2004 மார்ச்சில் பிரிட்டனில் டசானி பாட்டில் நீர் சுமார் 5 லட்சம் பாட்டில்கள் திரும்பப் பெறப்பட்டது இதனால்தான். சுவைக்காகச் சேர்த்த கால்சியம் குளோரைடில் புரோமைடு இருந்தது, அதன்மேல் ஓசோன் விட்டார்கள். கிருமிக்காகக் குமிழைத் திருகும் முன், அந்த நீருக்குப் புரோமேட் சோதனை எப்போது செய்தீர்கள் என்று பாருங்கள்.

அறிகுறி: பூஞ்சை அல்லது கறுப்புக் காலனி

பூஞ்சை காற்றில் வருவது. நிரப்பும் அறையின் கூரையில் ஈரம், ஏ.சி. வடிகட்டியில் தூசி, அட்டைப்பெட்டியில் திறந்து கிடக்கும் மூடிகள். நிரப்பும் இடத்தில் திறந்த தட்டு வைத்தால் தெரிந்துவிடும். முடிவு வர 5 நாள் ஆகும். அதற்குள் கேன் காலியாகி ஆலைக்கே திரும்பி வந்திருக்கும், ஆகவே தட்டை நம்பி இருப்பதைவிட அறையைச் சுத்தமாக வைத்திருப்பது மேல்.

சல்பைட் அகாரில் கறுப்புக் காலனி என்றால் கிளாஸ்ட்ரிடியம் வித்துகள். குளோரின், யு.வி., ஓசோன் எல்லாவற்றையும் ஓரளவு தாங்குபவை. மற்ற எல்லாம் சுத்தமாக இருந்து இது மட்டும் வந்தால், கிருமிநாசினிகள் வேலை செய்கின்றன, தடுப்பு எங்கோ ஓட்டை. மறுபடியும் ஓ-வளையமும் பைபாஸ் வால்வும்.

அறிகுறி: நம்மிடம் தேர்ச்சி, வெளி ஆய்வகத்தில் தோல்வி

எந்தச் சோதனையில் வேறுபாடு என்பதைப் பொறுத்தது. மொத்த எண்ணிக்கையில் என்றால் மாதிரி எத்தனை மணிக்கு அடைக்கப்பட்டது, பனிக்கட்டிப் பெட்டியில் போனதா, கூரியர் வண்டியில் வெயிலில் போனதா, எப்போது சோதனை தொடங்கியது என்று கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே விடை கிடைக்கும். சூடோமோனாஸிலோ கோலிஃபார்மிலோ வேறுபாடு என்றால் வெளி ஆய்வகத்தைக் குறை சொல்வதற்கு முன், நாம் உண்மையில் 250 மி.லி. வடிகட்டுகிறோமா என்று பார்த்துக்கொள்வது நல்லது. சவ்வுத்தாள் அடைத்துக்கொண்டது, நேரமில்லை என்று 100 மி.லி.யில் நிறுத்தும் வழக்கம் இருக்கிறது. தீர்மானிக்க ஒரே வழி: ஒரே நேரத்தில், ஒரே நாசிலில் அடைத்த பாட்டில்களைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரே நேரத்தில் சோதனையைத் தொடங்குவது. கிருமி கலந்த ஒரு பாட்டிலையும் அடையாளம் சொல்லாமல் இரண்டு பக்கமும் அனுப்பினால் இன்னும் தெளிவாகும்.

அறிகுறி: எல்லாச் சோதனையும் தேர்ச்சி, குடித்தவருக்கு வயிற்றுப்போக்கு

திறந்த கேனை வாங்கி வந்து சோதித்து, கோலிஃபார்ம் இருக்கிறது, இல்லை என்று சண்டை போடாதீர்கள். கேனைக் கவிழ்க்கும் டிஸ்பென்சரின் குழாய் வருடக்கணக்கில் கழுவப்படாமல் இருக்கலாம், கேன் சன்னலோரம் வெயிலில் நின்று பச்சைப் பாசி பிடித்திருக்கலாம். டிஸ்பென்சர் குழாயில் ஒரு ஸ்வாப், அதே வீட்டில் திறக்காத கேன் இருந்தால் அது, ஆலையில் வைத்திருக்கும் அதே பேட்ச்சின் காப்பு மாதிரி ஆகிய மூன்றையும் சேர்த்துச் சோதியுங்கள். காப்பு மாதிரி சுத்தம், குழாய் ஸ்வாப்பில் கிருமி என்றால் விடை அந்த வீட்டில்தான் இருக்கிறது.

பல வீடுகளில், பல அலுவலகங்களில் ஒரே நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தால் கதை வேறு. 2016 ஏப்ரலில் ஸ்பெயினின் காத்தலோனியாவில் 4,000-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். அண்டோராவில் ஊற்றிலிருந்து அடைத்து அலுவலகங்களுக்குப் போன பெரிய கேன்களில் நோரோவைரஸ் இருந்தது. நாம் தினமும் வைக்கும் எந்தத் தட்டிலும் வைரஸ் வளராது. அதற்குப் பெரிய அளவு நீரைச் செறிவூட்டி மரபணுச் சோதனை செய்யும் வசதி வேண்டும், ஆலை ஆய்வகத்தில் அது இருக்காது. அப்படி ஒரு புகார்க் கொத்து வந்த அன்றே அந்தப் பேட்ச்சின் விநியோகத்தை நிறுத்துங்கள். காப்பு மாதிரிகளைத் திறக்காமல் குளிரில் வைத்து, மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொல்லுங்கள். நீங்களே திறந்து கோலிஃபார்ம் பார்க்க முனைந்தால், வைரஸ் தேட வேண்டிய நீரை வீணாக்கிவிடுவீர்கள்.